வரவு இடாப்பும் ஓர் இசைத்தொகுப்பும்

ஆசிரியத் தொழிலிற் புகுந்தோர்க்கு அன்றாடம் முதற் கடமையாய் அமைவது வரவு இடாப்புக் கூப்பிடுதலாகும். மணி அடித்து, மாணாக்கர் எழுந்து வணங்கி அமர்ந்தபின், ஆசிரியர் ஒவ்வொரு பெயராகச் சொல்லுவார். பெயருக்குரியோர் குரல் கொடுப்பர். குரல் எழாதவிடத்து ஆசிரியர் தலை நிமிர்ந்து வெற்றிருக்கையை ஒருகால் நோக்கிவிட்டு, வராமைக்குரிய குறியை இட்டு, அடுத்த பெயருக்குச் செல்லுவார். சில நிமிடங்களுள் முடிந்துவிடும் இச்செயலை ஆண்டுதோறும் பாடசாலை நாளெல்லாம் செய்து வரும் எம்போன்றோர் அதனை ஒரு பொருட்டாக எண்ணுவதில்லை.

இச்சிறு செயலையே வாயிலாகக் கொண்டு தொடங்குகின்ற இசைத்தொகுப்பு ஒன்று உண்டு. பள்ளி மணி ஒலிக்கின்றது. ஆசிரியர் பெயர்களை அழைக்கின்றார். பிள்ளைகள் விடை பகர்கின்றனர். "லோரின் ஹில்" என்ற பெயர் வருமிடத்து விடையில்லை. மீண்டும் அழைக்கின்றார், அப்பொழுதும் விடையில்லை. இவ்வாறு வகுப்புக்கு வாராத பிள்ளையாகத் தம்மைக் காட்டிக்கொண்டவரே அத்தொகுப்பை ஆக்கியவர். ஐக்கிய அமெரிக்காவின் ராப் பாடகியாகிய லோரின் ஹில், குழுவினின்றும் நீங்கித் தனித்து வெளியிட்ட முதலாவது தொகுப்பு அது. 1998 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் 25 ஆந் திகதி வெளிவந்தது. அஃது எவ்வாறு ஆக்கப்பட்டது, எவ்வாறு உலகின்முன் வந்தது, ஆசிரியரும் மாணவரும் அதிலிருந்து கொள்ளத்தக்கது யாது என்பவற்றை இம்மலரிற் சிறிது கூற விழைகின்றோம்.

"தமிழ் கற்பிப்பவர் ஒருவர், ஜூபிலி மலரிலே, ராப் பாடகியைப் பற்றி எழுதப் புகுவதோ?" என்று முதிய அன்பர் சிலர் புருவம் நெரித்தல் கூடும். அவர்கள் பொருட்டு ராப் என்பது இன்னதென முதலில் உரைத்தல் வேண்டும். தாளத்தின்மீது சொல்லை ஏற்றி, பாட்டுக்கும் பேச்சுக்கும் இடைப்பட்ட நடையில், விரைந்து உரைக்கும் கலை அது. அடியின் ஈற்றில் இயைபு ஒலிக்கும். வல்லவர் கையில் அடியின் உள்ளேயும் எதுகை போலும் ஒலியொப்புமைகள் அடுக்கி வரும். எத்துணைச் சொற்களைப் பெய்தாலும் அவை நான்கு எண்ணிக்கைத் தாளத்துள் அடங்கியே தீரல் வேண்டும். சந்தக் குழிப்பு அறிந்து வண்ணம் பாடியோர் மரபில் வந்த நமக்கு இவ்வித்தை முற்றும் அயலானதன்று. ஆயினும் இரண்டும் ஒன்றே என்று சாதிக்க யாம் முன்வரவில்லை. அதனதன் இலக்கணம் அதனதற்கு உரியது.

இக்கலையின் பிறப்போடும் ஒரு பள்ளிக்கூடச் செய்தி இணைந்திருத்தல் வியப்புக்குரியது. 1973 ஆம் ஆண்டு ஓகஸ்ட் 11 ஆந் திகதி, நியூயோர்க் நகரின் பிரோங்ஸ் பகுதியிலே, தொடர்மாடிக் கட்டடமொன்றின் பொதுக் கூடத்தில், சின்டி கம்பல் என்னும் மாணவி ஒரு கேளிக்கை விருந்து நடத்தினாள். விடுமுறை கழிந்து பள்ளிக்கூடம் தொடங்குமுன் புத்தாடை வாங்கப் பணம் திரட்டுவதே அவள் நோக்கம். அங்கே இசைத்தட்டுச் சுழற்றியவர் அவளுடைய தமையனாரும், கூல் ஹேர்க் என்று பின்னர்ப் பெயர் பெற்றவருமாகிய கிளைவ் கம்பல். பாட்டின் இடையில் வரும் முழவுப் பகுதியை மட்டும் அவர் திரும்பத் திரும்ப ஒலிக்கச் செய்ததிலிருந்து ஹிப்-ஹொப் என்னும் கலைமரபு வளர்ந்தது என்பர். அவர் பிறந்த இடம் யமேக்காத் தீவின் தலைநகராகிய கிங்ஸ்ரன். இருபத்தைந்து ஆண்டுகளின் பின் யாம் கூறவந்த தொகுப்பின் ஒரு பகுதி அதே கிங்ஸ்ரனில் உருவாயிற்று.

லோரின் ஹில் 1975 ஆம் ஆண்டு மே மாதம் 26 ஆந் திகதி நியூ ஜேர்சி மாநிலத்தில் ஈஸ்ற் ஒறேஞ்ச் என்னும் நகரிற் பிறந்தவர். அன்னையார் ஆங்கில ஆசிரியை. வீட்டில் நூலுக்கும் இசைத்தட்டுக்கும் குறைவில்லை. மேப்பிள்வூட்டிலுள்ள கொலம்பியா உயர்நிலைப் பள்ளியிற் கற்ற காலத்தில் பிராஸ் மிஷெல் என்னும் மாணவரோடு சேர்ந்து பாடத் தொடங்கினார். பின்னர் ஹெயிற்றியிற் பிறந்த வைக்கிளெவ் ஜோன் அவர்களோடு இணைந்தார். மூவரும் தம் குழுவுக்கு இட்டுக்கொண்ட பெயர் பியூஜீஸ் என்பது. அகதி எனப் பொருள்படும் ஆங்கிலச் சொல்லின் குறுக்கமே அது. ஹெயிற்றியிலிருந்து வந்தேறிய மக்களை அயலவர் இழித்துரைக்க வழங்கிய சொல்லை அவர்கள் தாமே எடுத்துப் பெயராகச் சூடிக்கொண்டனர். அச்சொல்லின் பாரம் எத்தகையது என்பதை இம்மலரை வாசிப்போருக்கு யாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை. 1996 இல் அக்குழுவினர் வெளியிட்ட 'த ஸ்கோர்' என்னும் தொகுப்பு உலகெங்கும் விலைபோயிற்று.

புகழ் வந்த அளவிலே குழுவினுள் பிணக்கும் வந்தது. லோரின் தனித்துப் பாட எண்ணினார். அவ்வேளையில் அவர் கருவுற்றிருந்தார். தொழிலில் ஏறுமுகமாய் நிற்கும் வேளையிற் பிள்ளை வேண்டுமோ என்று அறிவுரை கூறினோர் பலர். அவர் பிள்ளையை ஏற்றார். 1997 ஓகஸ்டில் மகன் பிறந்தான். அந்த அறிவுரையையும், அதனைத் தாம் தள்ளியதையும் மகன் பெயராலமைந்த பாடலொன்றில் அவரே ஒளிவின்றிக் கூறியுள்ளார். முதியவரும் பெரும் புகழினருமாகிய கார்லோஸ் சன்ரானா அப்பாடலுக்குக் கிற்றார் வாசித்தார். கருவுற்றிருந்த மாதங்களிலேதான் பாடல்கள் தம்மிடம் பெருகி வந்தன என்று லோரின் பிற்காலத்தே சொன்னதுண்டு.

1997 இன் பிற்பகுதியில் நியூயோர்க்கிலுள்ள சங் கிங் ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலை தொடங்கியது. லோரினுக்கு அப்பொழுது வயது 22. இத்தகைய இளம் பெண்ணிடம் தொகுப்பு முழுவதையும் ஒப்படைத்தல் தகுமோ, அனுபவமுள்ள தயாரிப்பாளர் ஒருவரை வெளியிலிருந்து அமர்த்தலாமோ என்ற பேச்சும் நிறுவனத்தாரிடையே எழுந்தது. அவர் இணங்கினாரல்லர், எழுதுதல், இசை அமைத்தல், தயாரித்தல் யாவும் தம் பொறுப்பிலேயே நிகழல் வேண்டுமென நின்றார்.

ஒலியைப் பற்றியும் அவருக்குத் தெளிவான கொள்கை இருந்தது. அந்நாளில் ராப் இசை பெரும்பாலும் பழைய இசைத்தட்டுகளிலிருந்து வெட்டியெடுத்த துண்டுகளாலும் இயந்திர முழவாலும் அமைந்தது. இவரோ அவற்றோடு மனிதர் கையால் வாசிக்கும் கருவிகளையும் கொணர்ந்தார். நரம்புக் கருவிகள், ஊதுகுழல்கள், பழைய ஓர்கன், ஹார்ப் என்னும் மேலைநாட்டு யாழ் என அவை பலவாம். ஒலியின் ஏற்றத்தாழ்வைக் கருவியால் மட்டப்படுத்தி வழுவழுப்பாக்கும் முறையையும் அவர் விரும்பவில்லை. தாம் சிறுவயதிற் கேட்டு வளர்ந்த பழைய தட்டுகளின் தடித்த, சற்றுச் சொரசொரத்த ஒலியே தமக்கு வேண்டும் என்றார். ராப் உரைத்த அதே நாவால் அவர் இராகத்தோடு பாடவும் செய்தார். ஒருவரே இரண்டிலும் வல்லராயிருத்தல் அக்காலத்தில் அரிது.

1998 இல் வேலை கிங்ஸ்ரனுக்கு மாறியது. பொப் மார்லி நிறுவிய ரவ் கொங் ஒலிப்பதிவுக் கூடத்தில் எஞ்சியவற்றைப் பதிந்து அவ்வாண்டு யூன் அளவில் முடித்தனர். அங்கு நிகழ்ந்த ஒன்றைப் பதிவுப் பொறியியலாளர் கோர்டன் வில்லியம்ஸ் நினைவுகூர்ந்துள்ளார். அவர்கள் யமேக்காவிற் கழித்த முதற் காலை அது. கூடத்தை அடுத்த அறையிலே மார்லியின் பேரக் குழந்தைகள் பதினைவர் வரையில் லோரினைச் சூழ்ந்து நின்றனர். அவர் புதிய ராப் அடிகளை உரைக்கலானார். யாரும் கற்பியாமலே அக்குழந்தைகள் ஒவ்வோர் அடியின் ஈற்றுச் சொல்லையும் அவரோடு சேர்ந்து கூவினராம். இதனை வாசித்தபொழுது எமக்குக் கீழ்வகுப்புப் பிள்ளைகளே கண்முன் நின்றனர். செய்யுளைச் சொல்லிக்கொடுக்கையில், அடியின் முதற்பாதியை ஆசிரியர் சொல்ல ஈற்றுச் சீரைப் பிள்ளைகள் ஒருமிக்கக் கூறுவதைக் கேளாத தமிழாசிரியர் உளரோ? இயைபும் எதுகையும் எதற்காக அமைந்தன என்று வினவுவார்க்கு அதுவே விடை. அடுத்து வருஞ் சொல்லைக் கேட்போன் முன்னரே நாடுகின்றான். அச்சொல் வந்து பொருந்துங்கால் மகிழ்கின்றான்.

இனி, தொகுப்பின் பெயரைக் கருதுவோம். 'த மிஸ்எடியூக்கேஷன் ஒவ் லோரின் ஹில்' என்பது பெயர்; 'லோரின் ஹில் பெற்ற பிழைபட்ட கல்வி' எனத் தமிழில் ஒருவாறு கூறலாம். இப்பெயருக்கு மூலம், கார்ற்றர் வூட்சன் என்னும் பேராசான் 1933 இல் வெளியிட்ட நூலின் தலைப்பு. வூட்சன் அடிமைகளாயிருந்து விடுதலை பெற்ற பெற்றோருக்குப் பிள்ளையாய் 1875 இல் தோன்றினார். நிலக்கரிச் சுரங்கத்தில் உழைத்தார். ஏறக்குறைய இருபது வயதில் உயர்நிலைப் பள்ளியிற் சேர்ந்தார். பள்ளி ஆசிரியராகவும் அதிபராகவும் கடமையாற்றினார். 1912 இல் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் வரலாற்றுத் துறையிற் கலாநிதிப் பட்டம் பெற்றார். கறுப்பினப் பிள்ளைகளுக்கு அந்நாட்டுப் பள்ளிகள் பிறர் பெருமையை ஓதி, அவர்தம் முன்னோர் வரலாற்றை மறைத்து, தம்மைத் தாமே தாழ்வாக எண்ணுமாறு பயிற்றின என்பதே அவர் நூலின் வாதம். ஒருவன் பள்ளிக்கு ஒழுங்காகச் சென்று தேர்விலெல்லாம் தேறியும் பிழைபட்ட கல்வி பெற்றவனாயிருத்தல் கூடும் என்பது அதனாற் போதரும்.

லோரின் அச்சொல்லை வேறொரு பக்கம் திருப்பினார். அவருடைய தொகுப்பிற் பிள்ளை பள்ளிக்கு வரவில்லை. வெளியிலே அன்பு, துரோகம், பணம், தாய்மை, இறையுணர்வு ஆகியவற்றை அவள் அடிபட்டுக் கற்கின்றாள். உறையின்மீது, மரத்தாலான பள்ளி மேசையிற் கத்தியாற் கீறினாற்போல அவர் முகம் செதுக்கப்பட்டுள்ளது. இக்கல்லூரியிலும் பழைய மேசைகளில் எத்தனையோ பெயர்கள் அவ்வாறு கீறப்பட்டுக் கிடந்தன. அவற்றுட் சில இன்று பெரும் பதவி வகிப்போருடையன என்பதைப் பழைய மாணவர் சிலர் அறிவர். யாம் பெயர் சுட்டோம்.

பாடல்களுக்கு இடையிடையே அவ்வகுப்பறை மீண்டும் மீண்டும் வருகின்றது. ஆசிரியராகப் பேசுபவர் நடிகரல்லர். நுவார்க் நகரில் மெய்யாகவே ஆசிரியராயிருந்தவரும், கவிஞர் அமிரி பராக்காவின் மைந்தரும், 2014 இல் அந்நகரின் முதல்வராகப் பதவியேற்றவருமாகிய ராஸ் பராக்கா அவர். லோரினின் இல்லத்துக் கூடத்திலே நாற்காலிகளை வகுப்பறைபோல் இட்டு, பிள்ளைகளை அமர்த்தி, அன்பு என்பது பற்றி அவர்களோடு உரையாடுமாறு வேண்டி அதனைப் பதிந்தனர். பயிற்றப்பட்ட ஆசிரியர் என்ற முறையில் அவ்வுரையாடலைச் செவிமடுத்த எமக்கு அவர் கையாண்ட முறை உவப்பளித்தது. அன்பைப் பற்றிய பாட்டுகளையும் திரைப்படங்களையும் சொல்லுமாறு எளிய வினாவில் தொடங்குகின்றார்; பின்னரே அன்பு என்றால் என்ன என்கின்றார். பிள்ளைகள் சிரிக்கின்றனர்; ஒருவரையொருவர் மறுக்கின்றனர்; சிறுமி ஒருத்தி முதியோரையும் நாணச் செய்யும் தெளிவோடு பேசுகின்றாள். ஆசிரியர் விடையைத் தாம் முந்திக்கொண்டு சொல்லவில்லை. தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்க என்று கலாசாலையில் எமக்கு ஓதியதை இங்கே கேட்டோம்.

அத்தகைய வகுப்பு நடக்கும் நாளில் அதற்குரிய பிள்ளை அங்கில்லை. இதுவே தொகுப்பு முழுவதிலும் ஊடுருவி நிற்கும் துயரம் என்பது எம் கருத்து.

இக்கருத்து எமக்குத் தானே தோன்றியதன்று. 1995 ஆம் ஆண்டில் எம்மோடு ஒரே வகுப்பிற் கற்றவர் எம் மாமனாரின் மகன். அவ்வாண்டு ஒக்ரோபர் இறுதியில் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தபோது அவர் குடும்பத்தார் தென்மராட்சி கடந்து வன்னி சென்று, பின்னர் கொழும்பு வழியாகக் கனடாவை அடைந்தனர். 1996 இல் ஊர் திரும்பிய எம் குடும்பத்தார் போன்றோரின் பிள்ளைகளைக் கொண்டு வகுப்பு மீள நடந்தது. வகுப்பாசிரியர் பழைய இடாப்பையே எடுத்து வந்தார். பாதிப் பெயர்களுக்கு விடையில்லை. நீண்டகாலம் வாராதோர் பெயரை நீக்குதல் முறை. அம்முறைப்படி நீக்கும் நாள்வரையில் அவர் ஒரு பெயரையும் விடாது அழைத்து, ஒவ்வொரு பெயருக்கும் சற்றே காத்து, குறியிட்டார். அவர் ஏன் அவ்வாறு செய்கின்றார் என்று அப்பொழுது யாம் வினவவில்லை.

2002 இல் ஏ9 வீதி திறக்கப்பட்டபின் மைத்துனர் ஊருக்கு வந்தார். சட்டைப்பையிற் கொள்ளாத இறுவட்டுக் கருவி ஒன்றைக் கொணர்ந்தார். இரவில் உணவுச்சாலை ஒன்றிற் பாத்திரம் கழுவிய காலத்தில், உடன் வேலைசெய்த மேற்கிந்தியத் தீவு இளைஞர் ஒருவர் அவருக்குக் கொடுத்த இறுவட்டு அதனுள் இருந்தது. திண்ணையில் அமர்ந்து, செவிக்குழாய் ஒன்றை அவரும் மற்றொன்றை யாமும் செருகிக்கொண்டோம். ஆங்கிலப் பாடல்களைத் தொடரும் ஆற்றல் எமக்கு அன்று மிகுதியாக இல்லை. ஆயினும் மணியோசையும் இடாப்புக் கூப்பிடுதலும் மொழிபெயர்ப்பு வேண்டாதன. அப்பகுதி முடிந்ததும் மைத்துனர் கருவியை நிறுத்தினார். "மச்சான், முதல் தரம் இதைக் கேக்கேக்கை எனக்கு எங்கட வகுப்புத்தான் நினைவு வந்தது. நாங்கள் போனாப்பிறகு என்ர பேரைக் கூப்பிட்டவரோ?" என்று வினவினார்.

கூப்பிட்டார் என்றோம். எத்தனை நாள் என்றார். பெயர் வெட்டப்படும் நாள்வரை என்றோம். அவர் சிறிது பொழுது முற்றத்தைப் பார்த்திருந்துவிட்டு, கருவியை மீண்டும் தொடக்கத்திலிருந்து இயக்கினார்.

பின்னர் அவர் தாம் கற்றவற்றை ஒவ்வொன்றாகச் சொன்னார். பனியில் நடத்தல், இரு வேலை பார்த்தல், அறிமுகமற்றவரிடம் கடன் கேட்டல், வீட்டுக்குப் பணம் அனுப்பிவிட்டு எஞ்சியதில் வாழ்தல் முதலியன. இவற்றுள் எதற்கும் அவரிடம் சான்றிதழ் இல்லை. சாதாரண தரப் பரீட்சை எழுதாமற் போனதையே குறையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். இடாப்பில் வராமைக்குரிய குறி இடப்பட்ட நாள்களிலும் ஒரு பிள்ளை கற்றுக்கொண்டேதான் இருக்கின்றது. அக்கல்வியை வினவுவாரும் அளப்பாரும் இல்லை. லோரின் ஹில்லின் தொகுப்பு அவ்வாறு வினவுவாரில்லாக் கல்விக்கு ஒருவர் தாமே எழுதிக்கொண்ட விடைத்தாள் என்று சொல்லலாம்.

நிற்க. தொகுப்பு வெளிவந்த வரலாற்றுக்கு வருவோம். ரஃப்ஹவுஸ், கொலம்பியா என்னும் நிறுவனங்கள் அதனை வெளியிட்டன. முதல் வாரத்தில் 4 இலட்சத்து 22 ஆயிரத்துக்கு மேற்பட்ட பிரதிகள் ஐக்கிய அமெரிக்காவில் விலையாயின. விற்பனைப் பட்டியலில் அது முதலிடத்திலேயே புகுந்தது. இளம் பெண்களை ஓர் அடிக்கோவையிலும் இளைஞரை மற்றொன்றிலும் விளித்து, பொருளுக்கும் போலி மதிப்புக்கும் தம்மை விற்க வேண்டாவென அறிவுறுத்தும் 'டூ வொப்' என்ற பாடல் அவ்வாண்டு நவம்பரில் தனிப்பாடற் பட்டியலின் தலையில் அமர்ந்தது. அறிவுரைப் பாட்டு விலைபோகாது என்பார் இதனை நோக்குக. 1999 பெப்ரவரி 24 இல் நடந்த கிராமி விருது விழாவில் அவர் பத்து விருதுகளுக்கு முன்மொழியப்பட்டு ஐந்தைப் பெற்றார். ஆண்டின் சிறந்த இசைத்தொகுப்பு என்னும் தலையாய விருது ஹிப்-ஹொப் தொகுப்பொன்றுக்குக் கிடைத்தது அதுவே முதன்முறை. 2015 இல் ஐக்கிய அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் பேணிக் காத்தற்குரிய ஒலிப்பதிவுகளின் பதிவேட்டில் அதனைச் சேர்த்தமை அறிவிக்கப்பட்டது. 2021 இல் அந்நாட்டில் ஒரு கோடிப் பிரதி என்னும் அளவைக் கடந்ததற்கான சான்றையும் அது பெற்றது.

ஆயினும் இவ்வெற்றிக்கு ஊடே ஒரு வழக்கும் எழுந்தது. அதனை மறைத்துப் புகழ்ச்சி மட்டும் கூறுதல் முறையாகாது. வாடா நோபிள்ஸ், ரஷீம் பியூ, ஜொஹாரி நியூட்டன், தெஜுமோல்ட் நியூட்டன் என்னும் நால்வர், தொகுப்பின் பாடல்கள் பலவற்றை எழுதுவதிலும் தயாரிப்பதிலும் தமக்கு இருந்த பங்கு உறையில் உரியவாறு காட்டப்படவில்லை என 1998 நவம்பரில் நீதிமன்றை நாடினர். ஆக்கம் தம்முடையதே என்பது லோரின் தரப்பின் கூற்று. 2001 இல் வழக்கு நீதிமன்றுக்கு வெளியே இணக்கமாக முடிவுற்றது. ஆதலின் எவர் எவ்வளவு செய்தார் என்று நாம் தீர்ப்புக் கூறுதல் இயலாது, கூறுதல் தகவுமன்று. அதே உறையில் ஜோன் ஸ்ரீவன்ஸ் என்ற பல்கலைக்கழக மாணவர் பெயரும் ஒரு பாடலுக்குப் பியானோ வாசித்தவராகக் காணப்படுகின்றது. அவரே பிற்காலத்தில் ஜோன் லெஜன்ட் என உலகு அறிந்த பாடகர். அன்று அவ்வொரு வரி எழுதப்பட்டிராவிடின் அவர் அங்கிருந்ததை எவரே அறிவார்?

நூலின் சிறப்புப் பாயிரத்திற் கூறவேண்டியவற்றை வகுத்த நன்னூலார் ஆக்கியோன் பெயரையே முதலில் வைத்தார். தனியொருவர் ஏட்டில் எழுதும் நூலுக்கு அஃது எளிது. பலர் ஓர் அறையிற் கூடி, ஒருவர் தாளமிட, ஒருவர் சொல் எடுத்துக் கொடுக்க, ஒருவர் அதனைத் திருத்த, ஒருவர் எல்லாவற்றையும் தம் வாழ்வின் வடிவாக்கிப் பாட, அங்ஙனம் பிறக்கும் ஆக்கத்துக்கு ஆக்கியோன் யார்? லோரின் ஹில்லின் வாழ்வும் குரலும் துணிவும் இன்றி அத்தொகுப்பு இல்லை, இஃது ஒருதலை. அவ்வறையிற் பிறரும் இருந்தனர் என்பதும் உண்மை. வேலை தொடங்குமுன்னரே பங்கை எழுத்திற் பதிந்துகொள்ளாத கூட்டு முயற்சி பின்னர் நட்பையும் இழப்பிக்கும் என்பதை இளைஞர் இவ்வரலாற்றால் அறிதல் வேண்டும். வெளியீட்டின் 25 ஆம் ஆண்டாகிய 2023 வரையில் லோரின் ஹில் இரண்டாவது தொகுப்பொன்றை ஒலிப்பதிவுக் கூடத்தில் ஆக்கி வெளியிட்டாரல்லர். 2002 இல் வெளிவந்தது மேடையிற் பாடியதன் பதிவே. அதற்குக் காரணங்கள் பலவாதல் கூடும். ஒன்றையே சுட்டி முடிவு கட்டுதல் எமக்கு உடன்பாடன்று.

இவ்விரு செய்திகளையும், அதாவது விடை கூறாத பெயரையும் எழுதப்படாத பெயரையும், யாம் எம் வகுப்பறைக்குக் கொண்டு சென்றோம். சென்ற ஆண்டு தரம் 10 மாணவர் சிலர் தமிழ் மன்றக் கூட்டத்திலே தாம் யாத்த தமிழ் ராப் ஒன்றை அரங்கேற்ற அனுமதி கேட்டனர். ஆசிரியர் அறையில் இருவேறு கருத்துகள் நிலவின. எழுதியதை முதலிற் காட்டுமாறு கேட்டோம். இடப்பெயர்வு முகாமிற் பிறந்த தன் தாயாரைப் பற்றி ஒரு மாணவன் எழுதிய அடிகள் அவற்றுள் இருந்தன. எதுகை சிலவிடத்துத் தளர்ந்திருந்தது. அதனைத் திருத்திக் கொடுத்தோம். பொருளிற் கை வைக்கவில்லை. அரங்கேற்றத்தின் பின் மன்றச் செயலாளன் கூட்டறிக்கையிற் பாடியவன் பெயரை மட்டும் எழுதி வந்தான். மேசையிற் கையால் தாளம் போட்டவன் யார், சொல் தட்டியபோது எடுத்துக் கொடுத்தவன் யார், தாயாரிடம் கேட்டு வந்த செய்தி எவருடையது என்று வினவி, ஐந்து பெயர்களையும் எழுதுவித்தோம். தாயாரின் பெயரும் அவற்றுள் ஒன்று. மாணவர் முதலிற் சிரித்தனர். அடுத்த கூட்டத்தில் அறிக்கை வாசிக்கப்பட்டபோது ஒருவரும் சிரிக்கவில்லை.

பழைய மாணவ அன்பர்களே, ஜூபிலி மலர் என்பதும் ஒரு வகையில் இடாப்பே. பரிசு பெற்றோர், பதவி வகித்தோர், கட்டடம் அமைத்தோர் பெயர்கள் இதில் முறையாக இடம்பெறும், இடம்பெறுதலும் நன்றே. உங்கள் வகுப்பில் ஒரு நாளிலிருந்து விடை கூறாதுபோன பெயர்களும் உங்கள் நினைவில் இருக்கும். அவர்களுட் சிலர் கடல் கடந்தனர். சிலர் வேறூர் சென்றனர். சிலர் இனி வாரார். அப்பெயர்களை, வகுப்பும் ஆண்டும் குறித்து, எழுதி அனுப்புவீர்களாயின், கல்லூரி நூலகத்தில் ஒரு தனிக் குறிப்பேட்டில் அவற்றைப் பதிந்து வைக்க யாமும் மன்றத்து மாணவரும் ஆயத்தமாயிருக்கின்றோம். உயிரோடிருப்போர் எனின், அவர் எங்கே எதனைக் கற்றார் என்பதையும் இரண்டு வரியில் எழுதுக. முதற் பக்கத்துக்குரிய பெயர் எம்மிடம் உண்டு. மைத்துனரின் இசைவைக் கேட்டுத் தொலைபேசியில் அழைத்தோம். முழுப் பெயரையும் முதலெழுத்தோடு பிழையின்றி எழுதுமாறு சொன்னார்.